உண்டியல் குலுக்கினால் என்ன கேவலம்?

நினைவில்லங்களைக் காப்பாற்ற ஊரைக் கூட்டிப் பணம் திரட்டுவது கேவலம் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். எழுத்தாளன் வாழ்வது எழுத்தில், குடியிருந்த வீட்டில் அல்ல. வீடு என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும். காப்பாற்றியே தீர வேண்டுமானால் அரசு காப்பாற்றட்டும்; அதை விட்டுவிட்டுத் தெருத்தெருவாக உண்டியல் குலுக்குவது அந்தப் பெரியவர்களையே பிச்சைக்காரர்களாக்குவது. அப்படியும் ஆசை அடங்காதவர்கள் வீட்டை முப்பரிமாணத்தில் படம்பிடித்துக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். இதுதான் அவர் வாதம். சாட்சிக்கு, ஏடு தேடிச் சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை அழைத்து வந்திருக்கிறார். திருவல்லிக்கேணியில் ஐயர் வாழ்ந்த வீடு 2012இல் இடிக்கப்பட்டதே, அதனால் சங்க இலக்கியத்தில் ஒரு வரியாவது குறைந்ததா என்று கேட்கிறார்.

கேள்வி மிடுக்காகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி என்ன சொல்வார் என்று விசாரிக்காமலே கூண்டில் ஏற்றிவிட்டார்.

ஐயரின் சுயசரிதையான ‘என் சரித்திர’த்தில் கரிவலம்வந்தநல்லூர் என்று ஓர் ஊர் வரும். அங்கே கோயிலில் பழைய சுவடிகள் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஐயர் போகிறார். போன இடத்தில் கிடைத்த பதில்: சிதைந்துபோன ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அப்படியே செய்துவிட்டார்களாம். எரித்தவர்கள் தமிழ்ப் பகைவர்கள் அல்ல. பக்திமான்கள். பழசு சிதைந்துவிட்டது, இனி அதை மரியாதையாக வழியனுப்புவதுதான் முறை என்று மனமார நம்பியவர்கள். நம் கட்டுரையாளர் சொல்வதும் அதுவேதான். அவர்களுக்கு நெய்யும் நெருப்பும், இவருக்கு ஸ்கேனரும் ஜேசிபியும்.

அடுத்து, கேவலம் என்கிறாரே, அந்த விஷயம். 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வந்தது. கும்பகோணம் கல்லூரித் தமிழ்ப் பண்டிதரின் சம்பளத்தில் அது வந்ததாக நினைக்கிறாரா? புத்தகம் வெளிவருவதற்கு முன்பே இன்னார் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுப்பதற்கு அந்தக் காலத்தில் கையொப்பம் என்று பெயர். ஐயர் அந்தக் கையொப்பங்களுக்காக உத்தியோகஸ்தர், வக்கீல், மிராசுதார் என்று ஒவ்வொரு வாசலாக ஏறியிருக்கிறார். சிலர் கொடுத்தார்கள், சிலர் இழுத்தடித்தார்கள். அதையெல்லாம் அவரே எழுதிவைத்திருக்கிறார், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். ஊரிடம் கேட்டு வாங்கித் தமிழை அச்சேற்றிய மனிதரைச் சாட்சிக்கு அழைத்து வந்து, ஊரிடம் கேட்பது கேவலம் என்று வாதாடுகிற துணிச்சலை எங்கே போய்ச் சொல்ல!

சங்க இலக்கியத்தில் ஒரு வரியும் குறையவில்லை, உண்மைதான். குறைந்தது வேறு. பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த அந்த வீட்டுக்கு ‘தியாகராச விலாசம்’ என்று ஐயர் பெயர் வைத்திருந்தார். கும்பகோணம் கல்லூரியில் தம்முடைய இடத்தில் இவரை உட்கார வைத்துவிட்டுப் போன தியாகராசச் செட்டியாரின் பெயர் அது. ஆக அந்த வீடே ஒரு நன்றிக் கல்வெட்டு. பரிபாடல் வெளிவந்த 1918ஆம் ஆண்டிலும், குறுந்தொகை வெளிவந்த 1937ஆம் ஆண்டிலும் அவர் சென்னைவாசி. யுத்த பயத்தில் 1942இல் திருக்கழுக்குன்றம் போய் அங்கே கண்மூடும் வரைக்கும் அவருடைய வேலைக்களம் திருவல்லிக்கேணிதான். ஒருவர் ஏட்டைப் படிக்க, இன்னொருவர் பிரதியில் பாடபேதம் குறிக்க, ஐயர் கேட்டுக்கொண்டிருக்க, வருஷக்கணக்காக நடந்த வேலை அது. எத்தனை பேர் உட்காரக்கூடிய கூடம், ஏடுகளை எங்கே பரப்பினார்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் பதிப்பு வரலாறு எழுதுகிறவனுக்குச் சான்று. மூல ஏட்டைப் பார்க்காமல் பாடம் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவரின் விஷயத்திலேயே மூலம் போனால் என்ன, நகல் இருக்கிறதே என்கிறோம்.

சரி, அரசு செய்யட்டும் என்கிறாரே. செய்யட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும், திருவல்லிக்கேணி துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் அவர் கடைசியாக இருந்த வீடும் அரசு எடுத்துக்கொண்டதால்தான் நிற்கின்றன. அந்தப் பெருமையை யாரும் பறிக்கவில்லை. ஆனால் வாங்குவது வேறு, வைத்துக் காப்பது வேறு. எட்டயபுரம் வீட்டில் மேற்கூரையின் ஒரு பகுதி 2025 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அரசாங்க வீடு. பலகை இருக்கிறது, ஆண்டுதோறும் மாலை விழுகிறது. கூரையும் விழுந்தது.

பழைய வீடு எப்படிச் சாகிறது என்று கட்டுரையாளருக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ஒரே நாளில் சாவதில்லை. மெட்ராஸ் டெரஸ் போட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். நூறு வருஷம் அசையாது. ஒரு தட்டோடு விரிசல் விட்டால் தண்ணீர் மெல்ல இறங்கி, கட்டை சுவருக்குள் நுழைகிற முனையில் போய்த் தங்கும். கட்டையின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த முனைதான் உளுத்துப்போகும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைக்கும். விரல் நீளத்தில் இருக்கும்போது பிடுங்கிப் போட்டால் செலவு ஒன்றுமில்லை. சில மழைக்காலம் விட்டுவைத்தால் சுவரைப் பிரித்துத்தான் வேரை எடுக்க வேண்டும். எஸ்டிமேட், டெண்டர், ஒப்பந்தக்காரர் என்று கோப்பு நகர்ந்து முடிவதற்குள் கன்று மரமாகிவிடும். அப்புறம் வருகிறவர் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசி, உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, தரையில் வழுவழு டைல்ஸ் ஒட்டி, வாசலில் கிரானைட்டில் மாண்புமிகுக்களின் பெயர் பொறித்துவிட்டுப் போவார். கன்றைக் கன்றாக இருக்கும்போதே பார்க்கக்கூடியவர் எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான். ஐம்பது ரூபாயாவது கொடுத்து ரசீது வாங்கியவர் என்றால் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார், சண்டைக்கு வருவார். ஊர்ப்பணம் என்பதில் எனக்குப் பிடித்த பகுதியே அந்தச் சண்டைதான்.

அரசின் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மறைந்த முதலமைச்சர் வாழ்ந்த போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தை நினைவில்லமாக்க 2020இல் அரசு நீதிமன்றத்தில் சுமார் 68 கோடி ரூபாய் கட்டியது. 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்தது. சாவி வாரிசுகளிடம் போயிற்று. ஒரு முதலமைச்சருக்கு நினைவில்லம் வேண்டுமா வேண்டாமா என்பது என் வழக்கல்ல. நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவருக்கு வேண்டிய வீடு 68 கோடிக்கு வீடாகத் தெரிகிறது, திருவல்லிக்கேணி வீடு செங்கல்லாகத் தெரிகிறது, அதைத்தான் சொல்கிறேன். இன்னொன்றையும் பாருங்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க மரபு ஆணையச் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது 2012இல். ஐயர் வீடு இடிந்த அதே ஆண்டு. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். பன்னிரண்டு வருஷம் சட்டம் பீரோவில் தூங்கியது. இந்த அரசை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்பது யோசனையா, தாலாட்டா?

மக்கள் பணத்தில் இதெல்லாம் ஆகிற காரியமா என்று நக்கலாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறார். ஆன கதை ஒன்று சொல்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீடு, பொடோமாக் ஆற்றங்கரையில் இருப்பது. 1853இல் கப்பலில் அந்த வழியாகப் போன ஓர் அம்மாள், வீடு கிடந்த கோலத்தைப் பார்த்து மனம் நொந்து மகளுக்குக் கடிதம் எழுதினார். முன்பக்கத் தாழ்வாரத்துக் கூரை விழுந்துவிடாமல் பழைய கப்பல் பாய்மரங்களை முட்டுக்கொடுத்திருந்த காலம் அது. நாட்டின் முதல் ஜனாதிபதி வீடு! மத்திய அரசு வாங்கவில்லை. வெர்ஜீனியா மாநில அரசும் வாங்கவில்லை. அப்போதைய உரிமையாளரும் ஒரு வாஷிங்டன்தான், குடும்பப் பெயரைச் சொல்லித் தானமாகக் கொடுத்துவிடவில்லை. இரண்டு லட்சம் டாலர் என்றார். இன்றைக்கே பெரிய தொகை, அன்றைக்கு மலை.

மகள் ஆன் பமேலா கனிங்ஹம், குதிரையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு நோயாளியாக வாழ்ந்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலத்தில், தம் பெயரைக்கூடப் போடாமல் தென்மாநிலப் பெண்களுக்குப் பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் எழுதினார். மாநிலத்துக்கு ஒரு பெண்மணி பொறுப்பு என்று சங்கம் அமைந்தது. எட்வர்ட் எவரெட் என்கிற நாவன்மை மிக்கவர் வாஷிங்டனைப் பற்றி ஊர் ஊராகப் பேசி 69,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். 1858இல் ஒப்பந்தம், 1860இல் வீடு கைக்கு வந்தது. அடுத்த வருஷமே உள்நாட்டுப் போர். அதையும் தாண்டி இன்றுவரை வீடு அந்தப் பெண்கள் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. அரசிடம் மானியம் வாங்குவதில்லை. வாஷிங்டன் இதனால் பிச்சைக்காரர் ஆகிவிட்டாரா என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா வேறு, நாம் வேறு என்று உடனே சொல்வார். வேறுதான். நமக்கு இதில் அவர்களைவிடப் பழக்கம் அதிகம். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடாத ஊர் எத்தனை இருக்கும்? கும்பாபிஷேக வசூலுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவரைப் பிச்சைக்காரர் என்று யாராவது சொல்வார்களா, சொல்லிவிட்டு ஊரில் இருக்கத்தான் முடியுமா? எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பக் கல்கி தம் பத்திரிகை வழியாக வாசகர்களிடம் பணம் கேட்டார். 1945இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947இல் அவரே திறந்துவைத்தார். நம் காலத்திலேயே ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டும் என்றபோது உலகத்துத் தமிழர்கள் கொடுத்து 2018இல் தொகை நிறைந்தது. தமிழ்நாடு அரசும் பத்துக் கோடி கொடுத்தது. பாஸ்டன் பக்கத்தில் ஒரு நாற்காலிக்குக் கேட்டால் பெருமிதம், திருவல்லிக்கேணியில் ஒரு கூரைக்குக் கேட்டால் கேவலம். இது என்ன கணக்கு?

அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே என்பது அடுத்தது. கொடுங்கள், யார் கையைப் பிடித்தார்கள்? வீடு இடிந்த எந்த ஊரிலும் அந்த மனையில் ஆஸ்பத்திரி முளைத்து நான் பார்த்ததில்லை.

அவருடைய கட்டுரையில் சதைப்பிடிப்பான வாதம் ஒன்றே ஒன்று உண்டு, அதற்கு மரியாதையாகவே பதில் சொல்ல வேண்டும். நினைவில்லம் என்பதே வீடும் மனையும் இருந்தவர்களின் கௌரவம். குடிசையில் பிறந்தவனுக்கு ஏது நினைவில்லம் என்கிறார். நம்முடைய நினைவில்லப் பட்டியல் ஒருபக்கம் சாய்ந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடுத்துக்காட்டுகளில் அவசரப்பட்டுவிட்டார். பாரதி எந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்? புதுச்சேரியிலும் வாடகை, திருவல்லிக்கேணியிலும் வாடகை. வாடகை வீட்டில் வாழ்ந்து மடிந்தவனுக்கு ஊரார் சேர்ந்து ஒரு வீட்டை நிலைநிறுத்துவது பணக்காரக் கௌரவமா? நியூயார்க்கில் 97, ஆர்ச்சர்ட் தெரு என்று ஓர் அடுக்குக் குடியிருப்பு. 1863க்கும் 1935க்கும் இடையில் சுமார் ஏழாயிரம் பேர் அங்கே ஒண்டிக் குடியிருந்திருக்கிறார்கள். தையல்வேலைக்காரர்கள், வந்தேறிகள், பெயர் தெரியாதவர்கள். 1988இல் இரண்டு பெண்கள் தொடங்கிய முயற்சியில் அதுவும் இன்று அருங்காட்சியகம். பாடகி நீனா சிமோன் பிறந்த சின்ன மரவீட்டை 2017இல் நான்கு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். ஏழை வீட்டை அரசும் தேடி வராது, சந்தையும் விட்டுவைக்காது. பக்கத்தில் இருப்பவர்கள் கைகோத்தால்தான் உண்டு. கட்டுரையாளரின் சமூக நீதி வாதம் போய் முட்டுகிற இடம் அவர் எதிர்க்கிற அதே உண்டியல்தான்.

மவுண்ட் வெர்னானுக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் பெரிய மனுஷன் வீட்டில் அடிமைகளின் கதை எங்கே என்று கேட்பவர்களுக்கு அங்கே பதில் இருக்கிறது. 1799இல் வாஷிங்டன் இறந்தபோது அந்தப் பண்ணையில் 317 அடிமைகள். பெண்கள் சங்கம் அவர்களைப் பற்றி நெடுங்காலம் வாயே திறக்கவில்லை. 1929இல் அடிமைகளின் இடுகாட்டில் ஒரு சின்னக் கல் நட்டார்கள், அதையும் மறந்தார்கள். 1983இல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த முறையான நினைவுச்சின்னம் வந்தது. அடிமைகள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறைக் குழியைத் தோண்டியபோது அவர்கள் தின்று போட்ட எலும்பும், உடைந்த கலமும், பொத்தானும் கிடைத்தன. வீட்டையும் மண்ணையும் யாரோ வைத்திருந்ததால் தோண்ட முடிந்தது. 1858இல் மனை போட்டு விற்றிருந்தால் வாஷிங்டனின் முகம் டாலர் நோட்டில் அப்படியேதான் இருந்திருக்கும், எழுதிவைக்க வாய்க்காத அந்த 317 பேருடைய தடயம்தான் போயிருக்கும். பெரிய மனுஷனுக்குப் புத்தகம் இருக்கிறது, சிலை இருக்கிறது. இல்லாதவனுக்குத்தான் சுவரும் குப்பைக்குழியும் வேண்டும். முப்பரிமாணப் படம் என்கிறாரே, அது சுவரின் மேல்தோலைப் படம் எடுக்கும். நாளைக்கு வரப்போகிறவன் எந்த இடத்தில் தோண்டுவான் என்று இன்றைக்கே எப்படிப் படம்பிடிப்பது?

எல்லா நினைவில்லமும் உருப்படியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. குழல்விளக்கு, கண்ணாடிச் சட்டத்தில் வெளிறிய புகைப்படங்கள், மூலையில் சாயம் பூசிய மார்பளவுச் சிலை, மேசையில் தூங்குகிற பதிவேடு என்று பாவமாய்க் கிடப்பவை பல. வசூலித்த பணத்துக்குக் கணக்குக் காட்டாமல் கம்பி நீட்டிய கமிட்டிகளும் உண்டு. கட்டுரையாளர் அங்கே கையை வைத்திருந்தால் நானே கூட நின்றிருப்பேன். அறக்கட்டளையைப் பதிவு செய், ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து வாசலில் ஒட்டு, பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் பொதுக்குழுவில் கேள்வி கேட்க இடம் கொடு என்று எழுதியிருக்கலாம். அதற்கெல்லாம் உழைக்க வேண்டும். கேவலம் என்று ஒரு வார்த்தை எழுதுவது சுலபம்.

கடைசியாக ஒன்று. அதே கட்டுரையின் நடுவில், லண்டன் போயிருந்தபோது ஹாம்ப்ஸ்டெட்டில் கவிஞர் கீட்ஸ் வீட்டைப் பார்த்ததையும், தோட்டத்துப் பிளம் மரத்தடியில் நின்றதும் மெய்சிலிர்த்ததையும் ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். அழகான பத்தி. கீட்ஸும் சொந்த வீட்டுக்காரர் அல்ல. நண்பர் பிரவுனோடு ஒண்டிக்கொண்டு 1818 முதல் 1820 வரை அங்கே இருந்தவர். 1920வாக்கில் அந்த வீட்டை இடித்து மனையாக்கப் பார்த்தார்கள். அரசு ஓடி வரவில்லை. ஹாம்ப்ஸ்டெட்காரர்கள் குழு அமைத்து ஊரிடம் கேட்டார்கள். போதாமல் கடல் தாண்டி அமெரிக்க வாசகர்களிடமும் கேட்டு வாங்கி, வீட்டை மீட்டு, 1925இல் திறந்துவிட்டார்கள். இவர் பார்த்த பிளம் மரம் பின்னால் நட்ட கன்று. மெய்சிலிர்த்தது உண்டியல் காசில் நின்ற வீட்டில். அந்தப் பத்தியை அவர் வாபஸ் வாங்குகிறாரா, அல்லது மற்றதை வாங்குகிறாரா என்பதை அடுத்த இதழில் எழுதட்டும்.